செடிக்கு முக்காடு

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. அங்கே கார்ப்பரேஷன் குழாயில் தினமும் காலை ஐந்திலிருந்து ஏழு வரை முப்பது பெண்களும் ஓர் ஆணும் தண்ணீர் பிடிப்பார்கள். அந்த ஓர் ஆண் அப்துல் வஹாப்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்த ஒரு திங்கட்கிழமை காலை, வஹாப் குழாயடியில் நின்றபடியே ஒரு பெரிய தீர்மானம் செய்தார். தினம் பன்னிரண்டு குடம் சுமக்கிற இந்தப் பிழைப்புக்கு முடிவு கட்டியே தீருவது.

தீர்மானத்துக்குக் காரணம் லூயிஸ்.

வஹாபுக்கு ஹார்பரில் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணி அட்டையில் கோடு கிழிப்பார். நாலு கோடு நின்றால் ஐந்தாவது அவற்றின் மேல் சாய்ந்து படுக்கும். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குல்லாவுமாக அவர் அட்டையோடு வந்து நின்றால் ஷெட்டே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். அதே ஷெட்டில் வேலை பார்ப்பவன்தான் லூயிஸ். அன்றைக்கு என்னவோ குறுக்கு வழி என்று சைக்கிளில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தவன், லுங்கியை மடித்துக் கட்டி, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்து நடந்து வந்த வஹாபைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றான்.

ஆரம்பத்தில் வஹாப் குடத்தைத் தோளில்தான் வைத்தார். ஆண்டவன் குடத்துக்கென்று படைத்த இடம் இடுப்புதான் என்பதை அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தார்.

“இன்னா வஹாபு, இடுப்புல கொழந்தையா?”

“தண்ணி.”

“பேரு சோக்கா கீது. ஆணா, பொண்ணா?”

குழாயடி முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் பக்கத்து வீட்டு பிலோமி. ஆறு மாசக் கர்ப்பிணி. சிரிக்கும்போது ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் குடத்தையும் பிடித்துக்கொண்டாள்.

அன்று ஹார்பரில் வஹாபால் பெட்டி எண்ண முடியவில்லை. “பாய், தண்ணி தூங்கிச்சா?” என்று ஒருவன். “தண்ணிக்குப் பல்லு மொளச்சிதா?” என்று இன்னொருவன். கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருந்தவன்கூடக் குனிந்து பார்த்து, “தண்ணி யாரு சாயலு?” என்று கேட்டான்.

இதற்கெல்லாம் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வாயைக் கொடுத்தவர் வஹாப்தான். பதினோரு வருஷத்துக்கு முன் பழவேற்காட்டில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் தகப்பனார் சாதாரணமாகத்தான் கேட்டார், பட்டணத்தில் தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று. பெரியவர்கள் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“எங்க வூட்டுப் பொம்பளைங்க தெருக்குழாயடிய மிதிக்க மாட்டாங்க மாமு. தண்ணி வூடு தேடி வரும்.”

அப்போது அது நிஜம். தோல் பையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற பிஸ்தி ஒருவர் இருந்தார். கல்யாணமான மறு வருஷமே அவர் மகனோடு இருக்க ஆற்காட்டுக்குப் போய்விட்டார். தண்ணீர் வீடு தேடி வருவது மட்டும் நிற்கவில்லை. தூக்கி வருகிற ஆள்தான் மாறினார்.

வஹாப் எப்போதாவது முனகினால், அவர் மனைவி பதுருன்னிசா முகவாயில் விரலை வைத்துக்கொள்வாள்.

“நான் போறதுக்கு இன்னாங்க, போறேன். ஆனா எங்க வாப்பா காதுல வுழுந்தா உங்க வாக்கு இன்னா ஆவறது? எனக்கு அந்தக் கவலதான்.”

புருஷனுடைய வாக்கைக் காப்பாற்றுவதில் அவளுக்கு அப்படி ஓர் அக்கறை.

பன்னிரண்டு குடத்தில் மனிதர்களுக்கு நாலு. மீதி எட்டும் செடிகளுக்கு. வெளிக்கதவிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு நடை. அதன் இரண்டு ஓரத்திலும் முழம் அகலத்தில் நீளப் பாத்தி. ஒரு பக்கம் பன்னீர் ரோஜா, மல்லி, கனகாம்பரம். மறு பக்கம் புதினா, கொத்தமல்லி, தக்காளி. கடற்கரை மணல். எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்சிவிட்டு, இன்னும் எங்கே என்று கேட்கிற மண்.

ஒரே ஒரு தடவை வஹாப் நியாயம் கேட்டுப் பார்த்தார். “மனுஷன் ரெண்டு பேருக்கு நாலு கொடம். புதினாவுக்கு எட்டு கொடமா?” பதுருன்னிசா சண்டை போடவில்லை. அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் பிரியாணியில் புதினா போடவில்லை. அது பிரியாணியாக இல்லை. கறி கலந்த சோறாக இருந்தது. நாலாவது வெள்ளிக்கிழமை காலை வஹாப் செடிகளுக்கு ஒன்பது குடம் ஊற்றினார்.

ஆகவே செடியைப் பிடுங்குவது நடக்காது. மனைவியைக் குழாயடிக்கு அனுப்புவதும் நடக்காது. என்னதான் வழி?

வழி ஹார்பர் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கிடைத்தது. ஆறுமுகநயினார் அங்கே தினமும் டீ குடிக்க வருவார். ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் தோட்டக்காரர். வஹாபின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

“செடி எங்க பாய் எட்டு கொடம் குடிக்குது? செடி குடிக்கறது ரெண்டு. மிச்சம் ஆறும் வெயிலு குடிக்குது. நீ வெயிலுக்குத் தண்ணி தூக்கிகினு கீற.”

வஹாப் மனதுக்குள் கணக்குப் போட்டார். பத்து வருஷமாக வெயிலுக்கு.

“இன்னா பண்றது நயினாரே?”

“மண்ணுக்கு மூடாக்கு போடு. வைக்கோலு, சருகு, கடலத்தோலு, எது கெடைக்குதோ அது. மொதல்ல மண்ண நல்லா நனச்சிடு. அப்பால நாலு விரக்கட ஒசரம் போட்டு மூடு. தண்டுல மட்டும் ஒட்ட வுடாத, அழுவிப்பூடும். வெயிலு மண்ணோட மூஞ்சியவே பாக்கக் கூடாது. களையும் மொளைக்காது.”

வஹாப் அவருக்கு இன்னொரு டீ சொன்னார். அவர் வாழ்க்கையில் மனப்பூர்வமாகச் சொன்ன டீ அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விஷயத்தை அறிவித்தார். பதுருன்னிசா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பதுரு, செடிக்கெல்லாம் மூடாக்கு போடப் போறேன்.”

“முக்காடா?”

“மூடாக்கு.”

“அதாங்க, முக்காடு. செடிய யாருங்க பாக்கறாங்க?”

“வெயிலு பாக்குது.”

“வெயிலு என்னியுந்தான் பாக்குது.”

வஹாப் பொறுமையாக விளக்கினார். வைக்கோலைச் சொன்னார், நாலு விரற்கடையைச் சொன்னார், துரை பங்களாவைச் சொன்னார். ஆறுமுகநயினார் பெயரை மட்டும் சொல்லவில்லை. யோசனை தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“செடி வாடாதா?”

“வாடாது.”

“புதினா?”

“காடு மாரி வரும்.”

“அப்ப அந்த எட்டு கொடம்?”

“மிச்சம்.”

பதுருன்னிசாவின் விரல் அரிசியில் நின்றது. “எட்டும் மிச்சமா?”

“எட்டும்.”

“சரி, போட்டுப் பாருங்க. ஒரு வாரம் பாக்கலாம். அந்த வாரத்துல ஒரு செடி பட்டுப்போனாலும் பழையபடி பன்னெண்டுதான்.”

வஹாப் ஒத்துக்கொண்டார். ஜெயித்த மாதிரியே அன்றைக்குத் தூங்கினார்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. வைக்கோலுக்கு அலைய அவருக்குப் பொறுமை இல்லை. தண்டையார்பேட்டை மரவாடி ஒன்றில் மரத்தூள் மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூட்டை கை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தார். மண்ணை நனைக்க வேண்டும் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. நனைக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் குழாயடிக்குப் போக வேண்டும் என்பதும் ஞாபகம் வந்ததால் அதை விட்டுவிட்டார். இரண்டு பாத்தியிலும் காய்ந்த தூளை நாலு விரற்கடைக்குப் பரப்பினார். தங்க நிறத்தில், வறுத்த ரவையைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. சாய்வு நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் ஒரு மணிக்கு ராயபுரத்தில் கடல்காற்று எழும். அது நேற்றும் எழுந்தது, முந்தாநாளும் எழுந்தது. வஹாப் பிறந்ததிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு அவருக்கு அது ஒரு புதுச் செய்தியாக இருந்தது.

முதலில் ஓரத்தில் கொஞ்சம் தூள் நெளிந்தது. அப்புறம் பாத்தி முழுக்க எழுந்து நின்றது. எழுந்தது நேராகப் போய் மதிலைத் தாண்டியது. ஒரு பங்கு வஹாபின் மூக்குக்கும், ஒரு பங்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்த ரசத்துக்கும் போனது போக, மீதி எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேல் பிலோமியின் தலை தெரிந்தது. புருவமெல்லாம் மரத்தூள். கையில் ஒரு மீன் இருந்தது.

“பாய், இத்தக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஓலப்பாய்ல காய வெச்சப்ப கருவாடு. இப்ப மேல ரவ தூவி வறுத்த மாரி கீது.”

வஹாப் நாற்காலியிலிருந்து நழுவி உள்ளே வந்துவிட்டார். சமையலறையில் ரசத்தை வடிகட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பதுரு, நீ போய்ப் பேசு. அவ வாயிக்கு என்னால ஆவாது. இன்னா கேக்கறாளோ ஒத்துக்கினு வந்துடு. நான் எதுக்கும் கட்டுப்படறேன்.”

“எதுக்கும்?”

“எதுக்கும்.”

பதுருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மதிலோரம் போனாள். வஹாப் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து காது கொடுத்தார். முதலில் பிலோமியின் குரல் மட்டும் கேட்டது. அப்புறம் இரண்டு குரலும் கேட்டது. கால் மணி கழித்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சண்டையைவிடச் சிரிப்பு பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“இன்னா கேட்டா?”

“ஒண்ணியும் கேக்கல. கருவாடு போனா போவுதுன்னுட்டா. நல்ல பொண்ணுங்க அவ.”

அடுத்த வாரம் வஹாப் ஒழுங்காக வைக்கோலுக்கே வந்தார். பீங்கான் தட்டு, கோப்பை வருகிற பெட்டிகளுக்குள் உடையாமல் இருக்க வைக்கோல் திணித்திருக்கும். ஷெட்டில் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதை மூலையில் குவித்துவிடுவார்கள். பெருக்குகிறவர்களுக்கு அது தினமும் பெரிய பேஜாரு. எடுத்துப் போனால் போதும் என்றார்கள். வஹாப் தினம் ஒரு சாக்கு கட்டிக்கொண்டு வந்தார்.

“வைக்கோலு எதுக்குபா?” என்றான் லூயிஸ். “தண்ணிக்கு மெத்த தெக்கறியா?”

வஹாப் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். சாதிக்கப் போகிறவன் பேசக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே பாத்தியில் பத்துக் குடம் ஊற்றிச் சேறாக்கினார். அதன்மேல் வைக்கோலை உதறி உதறிப் பரப்பினார். ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் இரண்டு விரல் இடம் விட்டார். காற்றுக்குப் பறக்காமல் குறுக்கே கயிறு கட்டி, உடைந்த ஓட்டுத் துண்டுகளை மேலே வைத்தார். ஒரு மணிக்குக் கடல்காற்று வந்தது. வைக்கோலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பந்தய வாரம் தொடங்கியது. குழாயடியில் நாலு குடத்தோடு திரும்பினார் வஹாப். முதல் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது ரோஜாவில் ஒரு கொழுந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தது. வஹாபின் தலையும் தொங்கியது. பன்னிரண்டு குடமும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

அன்றிலிருந்து தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளுவை அவர் கொல்லைப் பக்கம் செய்யவில்லை. ரோஜாவுக்குப் பக்கத்தில் குந்திச் செய்தார். முகத்தில் ஊற்றியது, முழங்கையில் ஊற்றியது, காலில் ஊற்றியது எல்லாம் பாத்திக்குள் இறங்கியது. மாலை அசருக்கு ஒன்று, அந்தி மஃரிபுக்கு ஒன்று. மஃரிபுக்கு அவர் இரண்டு தடவை ஒளு செய்தார்.

“இன்னாங்க, ஒளு முறிஞ்சிட்டுதா?” என்றாள் பதுருன்னிசா பின்னால் நின்று.

“சந்தேகமா இருந்திச்சி.”

“இன்னும் சந்தேகம் இருந்தா அந்த மல்லிச்செடி பக்கமும் ஒண்ணு பண்ணிட்டு வாங்க.”

வஹாப் எழுந்து உள்ளே போனார். ரோஜா அதற்குள் தானாகவே நிமிர்ந்திருந்தது. உச்சி வெயிலுக்கு எல்லாக் கொழுந்தும் கொஞ்சம் தொங்கும், சாயங்காலம் நிமிரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பதுருன்னிசா வந்து பார்வையிட்டாள். ஓட்டுத் துண்டை நகர்த்தி வைக்கோலை விலக்கினாள். மண்ணுக்குள் விரலை விட்டாள். விரல் ஈரமாக வந்தது. ஒரு மண்புழு கோபித்துக்கொண்டு உள்ளே போயிற்று. ரோஜாவில் நாலு மொட்டு. புதினா நிஜமாகவே காடு மாதிரிதான் இருந்தது.

“கெலிச்சிட்டீங்க,” என்றாள் அவள். “மெய்யாலுமே எட்டும் மிச்சந்தான்.”

அடுத்து வந்த நாட்கள் வஹாபின் வாழ்க்கையில் பொன்னாட்கள். ஆறரைக்குப் போய் நாலு குடம் பிடித்து வந்துவிடுவார். பாத்திக்கு ஒளுத் தண்ணீரே போதுமாக இருந்தது. அப்புறம் பேப்பர். அப்புறம் இன்னொரு டீ. ஹார்பரில் பெட்டிகள் முன்னைவிட இலேசாகத் தெரிந்தன. லூயிஸ் வந்து, “தண்ணி எப்டி கீது?” என்று கேட்டபோது, “வளந்துட்டுது. இப்ப தானா நடக்குது,” என்றார். அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

இத்தனைக்கும் மேலே சாப்பாடு. திங்கட்கிழமை தட்டில் கிழங்கான் குழம்பு. செவ்வாய்க்கிழமை சங்கரா வறுவல். புதனும் வியாழனும் வஞ்சிரம்.

“ஏது மீனு?”

“பிலோமி குடுத்தா. இன்னாசி அண்ணனுக்கு நல்ல மீன்பாடு கெடச்சிதாம்.”

இன்னாசி பிலோமியின் புருஷன். கட்டுமரத்தில் போய் மீன் பிடிக்கிறவன். கருவாட்டில் மண்ணைப் போட்டவனுக்கு, அதாவது மரத்தூளைப் போட்டவனுக்கு, வஞ்சிரம் கொடுத்தனுப்புகிற மனசை நினைத்து வஹாபுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு இன்னும் ஒரு துண்டு கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தவருக்கு இறால் பிரியாணி காத்திருந்தது. பாத்தியிலிருந்து பறித்த புதினா கைப்பிடி கைப்பிடியாகப் போட்டிருந்தாள். வாசனை தெருமுனைக்கே வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டபோது பதுருன்னிசா சொன்னாள்:

“பிலோமிக்கு ஏழாவது மாசம் ஆரம்பிச்சிடுச்சி. ஆஸ்பத்திரில நர்சம்மா கண்டிச்சி சொல்லிட்டாங்களாம், இனிமே கொடமே தூக்கக் கூடாதுன்னு.”

“பாவம்.”

“இன்னாசி அண்ணன் விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் பூடறாரு. தண்ணிக்கு இன்னா பண்ணுவா?”

“யாராச்சும் ஒதவி பண்ணணும்.”

“நானும் அதான் சொன்னேன்.”

வயிறு நிறைந்த மனிதனுக்கு உபதேசம் தானாக வரும். வஹாப் ஓர் இறாலை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: “அக்கம்பக்கம்னா பின்ன எதுக்குக் கீது? பக்கத்து வூடு தவிக்க, நாம மட்டும் வயிறு ரொம்பத் துன்னக் கூடாது. மார்க்கத்துலயே கீது.”

“நீங்க இப்டிதான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்களக் கேக்காமலே சொல்லிட்டேன்.”

இறால் பாதி வழியில் நின்றது.

“இன்னா சொன்ன?”

“திங்கக்கெழமலேருந்து அவ வூட்டுக்கு எட்டு கொடம்னு.”

“யாரு தூக்கறது?”

பதுருன்னிசா இன்னும் ஒரு கரண்டி பிரியாணி எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

“எட்டு கொடம் சும்மாதானே கீது. செடிக்கும் வேணாம். நீங்கதானே கெலிச்சீங்க.”

“பதுரு, நான் கெலிச்சது தூக்காம இருக்கறதுக்கு.”

“எதுக்கும் கட்டுப்படறேன்னீங்களே, அன்னிக்கு.”

“அது கருவாட்டுக்குச் சொன்னது.”

“கருவாட்டுக்கு ஒரு கொடமும் இல்லீங்க. அத அவ அன்னிக்கே வுட்டுட்டா. இது அஞ்சு நாளா நீங்க சாப்ட்ட மீனுக்கு.”

வஹாப் தட்டைப் பார்த்தார். கடைசி இறால் கேள்விக்குறி மாதிரி வளைந்து கிடந்தது. ஏழு மாசக்காரிக்குத் தண்ணீர் தூக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாய் முழுக்க அவள் கொடுத்த இறால்.

ஆனாலும் அவர் பெட்டி எண்ணிப் பழகிய ஆள். சும்மா விட மனசு வரவில்லை.

“ரெண்டு பேரு கீற வூட்டுக்கு எட்டு கொடம் எதுக்கு?”

“வூட்டுக்கு நாலு. செடிக்கு நாலு.”

“அவ வூட்ல ஏது செடி?”

“நம்ம பாத்தியப் பாத்துட்டு அவளுக்கும் ஆச. நாந்தான் புதினாவும் ரோஜாப் பதியனும் குடுத்தேன். மதிலோரமா நட்டு வெச்சிருக்கா.”

வஹாபின் முகத்தில் விடிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப அவ பாத்திக்கும் மூடாக்கு போட்டுட்டா, நாலு கொடம் கொறைஞ்சிடுமே.”

“அட, எனக்கு இது தோணவே இல்ல பாருங்க,” என்றாள் பதுருன்னிசா.

பதினோரு வருஷமாகியும், அவளுக்கு எது தோணவில்லை, எது தோணாத மாதிரி இருக்கிறாள் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வஹாப் மூன்று சாக்கு வைக்கோலோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். சுருக்கமாக முடித்துவிட்டு வரத்தான் நினைத்தார். ஆனால் கை வைத்ததும் தொழில் பிடித்துக்கொண்டது. மண்ணைக் கொத்தினார், நனைத்தார், வைக்கோலைச் சீவி விட்ட தலை மாதிரி ஒரே பக்கமாகப் படிய வைத்தார். பிலோமி முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

“பாய், தண்டுல ஒட்டுது பாருங்க. அழுவிப்பூடும்னு அக்கா சொன்னாங்க.”

“எந்த அக்கா?”

“பதுரக்காதான். அவங்க வாப்பா பழவேற்காட்டுல கத்திரிப் பாத்திக்கெல்லாம் கடல்பாசியும் சருகும் போட்டு மூடுவாராமே. உங்களுக்குத் தெரியாதா?”

வஹாபுக்குத் தெரியாது. கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்தார். அப்புறம் தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டார்.

“இன்னொண்ணு பாய்,” என்றாள் பிலோமி. “இனிமே குழாயடில உங்களப் பாத்து எவளாச்சும் சிரிச்சா நான் கேக்கறேன். நீங்க தூக்கறது எங்க வூட்டுத் தண்ணி.”

சொன்னபடியே செய்தாள். மறுநாள் காலையில் குழாயடியில் ஒருத்தி வாயைத் திறந்தபோது, வாசலில் நின்றபடியே பிலோமி ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் கொட்டாவியாக முடிந்தது. வஹாப் தன் வீட்டுக்கு நாலும், பிலோமி வீட்டுக்கு எட்டுமாகத் தூக்கினார். பதியன் வேர் பிடிக்கிற வரைக்கும்தான், ஒரு வாரம்தான் என்று எண்ணிக்கொண்டே தூக்கினார். இன்னாசி ஒரு நாள் கடலிலிருந்து வந்ததும் வராததுமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவன்கூட இப்டி செய்ய மாட்டான் பாய்,” என்றான். வஹாபுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிலோமியின் பாத்தியில் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். அடியில் நல்ல ஈரம். பதியனில் புதுத் துளிர். வேகமாக வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

“பதுரு, பிலோமி செடிக்கும் இனிமே தண்ணி வேணாம். நாளைலேருந்து நமக்கு நாலு, அவளுக்கு நாலு. எட்டோட முடிஞ்சிது.”

“நல்லதாப் போச்சி,” என்று பதுருன்னிசா உள்ளேயிருந்து ஒரு சின்னத் தட்டோடு வந்தாள். தட்டில் நெய் மினுங்குகிற ரவை இனிப்பு, துண்டு போட்ட தம்ரூட். வஹாப் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். கரைந்தது. இன்னொன்றையும் போட்டுக்கொண்டார்.

“சோக்கா கீதே. நீ பண்ணதா?”

“ரஹீமுன்னிசா அக்கா குடுத்தனுப்பிச்சாங்க. பாவம், அவங்க வூட்டுக்காரரு கப்பல்ல வேலைக்குப் போயி மூணு மாசம் ஆவுது. தண்ணி புடிக்கக்கூட வூட்ல ஆளு இல்ல.”

வஹாப் மெல்வதை நிறுத்தினார். துப்ப முடியாது. விழுங்கினால் விழுங்கியதுதான்.

விழுங்கினார்.

“எத்தினி கொடம்?”

“நாலுதாங்க. பழைய பன்னெண்டுதான்.”

குழாய் தெருவின் இந்தக் கோடியில் இருந்தது. ரஹீமுன்னிசா அக்காவின் வீடு அந்தக் கோடி.